நின்ற மரமும் அறுத்த பலகையும்



கொடும்பாளூரின் கீர்த்தி கல்லில் இருக்கிறது. இருக்குவேளிர் தலைவனாகிய பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலின் மூன்று விமானங்களுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. கல்லைப் பிளக்கிறவன் முதலில் அதன் மேல் கோடு போட்டு, எத்தனை அடி தேறும் என்று கணக்கிட்ட பிறகே உளியைத் தொடுகிறான். மரத்தின் விஷயத்திலோ குடியானவர் அளவுகோலையே எடுப்பதில்லை. வியாபாரி வருகிறான், வேம்பையோ பூவரசையோ ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து ஒரு மொத்தத் தொகை சொல்கிறான். கலியாணச் செலவோ கடன் நெருக்கடியோ இருந்தால் பேரம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு அதே குடியானவர் மகன் வீட்டுக்கு நிலையும் கதவும் செய்ய மரவாடிக்குப் போய், கன அடிக் கணக்கில் பணத்தை எண்ணி வைக்கிறார். விற்கும்போது கண்மதிப்பு, வாங்கும்போது கன அடி!

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வீசிய கஜா புயலின்போது இந்த ஜில்லாவின் கிழக்குப் பகுதிகளில் இந்த நஷ்டம் பெரிய அளவில் நேர்ந்தது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் தென்னையும் பலாவும் மாவும் வேரோடு சாய்ந்தன. அறுப்பதற்கு வகையில்லாதவர்கள், நிலம் காலியானாற் போதும் என்று வந்த விலைக்கு மரங்களைக் கொடுத்துவிட நேர்ந்தது. நாள் சென்றால் விழுந்த தென்னையில் பூஞ்சணம் பிடிக்கும். மா மரத்தில் வண்டு துளைக்கும். அத்தகைய சமயத்தில் மரம் காத்திராது. ஆகையால், அறுக்கும் சாதனம் மரம் கிடக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

முதலாவது, அளவு. மரவியாபாரத்தில் வழங்கும் கணக்கு எளிது. கட்டையின் நடுவிடத்தில் சுற்றளவை நூலால் எடுத்து, நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாற் பெருக்கினால் கன அடி. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி உள்ள கட்டை இக்கணக்கின்படி 10 கன அடி. ஆனால் உண்மையில் அந்த உருண்டைக் கட்டையில் ஏறக்குறைய 12¾ கன அடி மரம் இருக்கிறது. மீதி, சதுரிக்கும்போது கழியும் புறப்பலகைக்காக விடப்படுவதாகச் சொல்லப்படுகிறது. புறப்பலகையும் வேலிக்கும் கூரைக்கும் உதவும் என்பதை விற்கிறவர் மறக்கலாகாது. அந்தக் கட்டையை அறுத்தால், கோணலும் பொந்தும் இல்லாத பட்சத்தில், பாதியளவு நல்ல சட்டமும் பலகையுமாகத் தேறும்.

இரண்டாவது, அறுப்பு. முற்காலத்தில் குழி தோண்டி, கட்டையை மேலே ஏற்றி, நூலடித்து, ஒருவன் மேலும் ஒருவன் கீழுமாக நின்று பெரிய ரம்பத்தை இழுத்தார்கள். அது அருமையான வேலை; கோடு பிசகாது. ஆனால் அந்த வேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். இப்போது இடம் பெயர்த்துக் கொண்டுபோகத்தக்க யந்திரங்கள் இரண்டு வகையில் கிடைக்கின்றன. ஒன்று, சங்கிலி ரம்பத்தின் மேல் ஒரு சட்டத்தைப் பூட்டிக் கட்டையின் மேல் நகர்த்துவது. விலை குறைவு, இரண்டு ஆள் தூக்கிச் செல்லலாம். மற்றொன்று, தண்டவாளம் போன்ற சட்டத்தின் மீது ஓடும் பட்டை ரம்பம். இதை வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லலாம்.

இவற்றின் வித்தியாசம் தூளில் தெரியும். சங்கிலி ரம்பம் ஓர் அறுப்புக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மரத்தைத் தின்றுவிடுகிறது. பட்டை ரம்பம் 2 அல்லது 2½ மில்லிமீட்டரோடு நிற்கிறது. பத்து அறுப்பில் முன்னதால் மூன்றரை அங்குல மரம் தூளாகப் போகும். பின்னதால் ஓர் அங்குலம். பருத்த உத்தரமும் தூணும் எடுப்பவருக்குச் சங்கிலி ரம்பமே போதும். பலகை எடுப்பவருக்கு அது நஷ்டம். மேலும் விறகு துண்டிக்கும் சங்கிலியைக் கொண்டு நீளவாட்டில் அறுத்தால் யந்திரம் சூடேறிக் கெடும். நீள அறுப்புக்கென்று பல் தீட்டிய சங்கிலியே வேண்டும்.

தெருவோர மரங்களில் விளம்பரத் தகடு அடித்த ஆணிகளும், கொல்லை மரங்களில் மாடு கட்டிய வளையங்களும் பட்டைக்குள் மறைந்து கிடக்கும். ஒரே ஆணி ஒரு பட்டை ரம்பத்தைப் பாழாக்கிவிடும். வேஷ்டி, தொங்கும் துண்டு ஆகியவற்றோடு யந்திரத்தின் அருகில் நிற்பது பிராணாபாயம்; கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் இல்லாதவனை வேலைக்கு விடலாகாது.

மரங்களின் குணம் ஒன்றுபோல் இராது. தென்னைக்கும் பனைக்கும் வெளிவட்டமே வன்மை; நடுப்பகுதி மெத்தென்றிருக்கும். ஆகையால் கைமரத்துக்கு வெளிப்புறத்தை எடுக்க வேண்டும். வேம்புக்கும் பூவரசுக்கும் இது தலைகீழ். உள்ளிருக்கும் வைரமே நிற்கும், வெளிறு உளுத்துப்போகும். இந்த ஜில்லாவில் ஏராளமாக வளர்க்கப்படும் தைலமரம் அறுக்கும்போதே வெடித்து வளையும். அதை ஒரே பக்கத்தில் அறுத்துக்கொண்டே போகாமல், ஒவ்வொரு பலகைக்கும் கட்டையைப் புரட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் இழுவை சமமாகும். எல்லோரும் சபிக்கும் சீமைக் கருவேல்கூட, பருத்த நேர்க் கட்டையாக அகப்பட்டால், காயும்போது அதிகம் சுருங்காத உறுதியான குட்டைப் பலகை தரும். கரி மூட்டத்துக்குப் போகுமுன் அடிக்கட்டையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

அறுத்ததோடு காரியம் முடிந்ததாக எண்ணுவதுதான் பெரும் பிழை. பச்சைப் பலகையை வெயிலில் பரப்பினால் ஒரு வாரத்தில் முறுக்கிக்கொள்ளும். சுவரில் சாத்தி வைத்தால் வில்லாக வளையும். நிழலில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் சமமான கட்டைகளைப் போட்டு, அதன் மேல் பலகைகளை அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் ஓர் அங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேராகவே நிற்க வேண்டும். தவறினால் பலகை அந்த இடத்தில் தொய்யும். வெட்டு முனைகளுக்கு அறுத்த அன்றே தாரோ வர்ணமோ பூசினால் வெடிப்பு குறையும். அடுக்கின் உச்சியில் பாரம் ஏற்றி, மழை படாமல் மூட வேண்டும். வெளிறு உள்ள பலகைகளை வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் நனைத்தெடுத்தால் உளுப்பு வண்டு அணுகாது. மழையில் நனையும் இடத்துக்கு மட்டும் அது உதவாது, கரைந்து போய்விடும்.

எப்போது காய்ந்தது என்று அறிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை உருவி வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவர வேண்டும். எடை குறைவது நின்றால் பலகை தயார். ஓரங்குலப் பலகைக்குச் சில மாதம் பிடிக்கும். பருத்த சட்டத்துக்கு அதிகம். நிலைக்கும் கதவுக்கும் மரம் வேண்டுவோர் முகூர்த்தத்துக்கு முந்தின மாதம் அறுத்துப் பிரயோஜனமில்லை.

யந்திரத்தைத் தனியொருவர் வாங்குவதா, சங்கம் வாங்குவதா என்று யோசிக்கையில் பாப்புவா நியூகினி தேசத்தின் அநுபவம் நினைக்கத்தக்கது. 1980-களிலும் அதற்குப் பின்னும், உருண்டைக் கட்டையை அந்நியக் கம்பெனிகளுக்கு விற்பதை விட்டுத் தாங்களே அறுத்து விற்பதற்காக அந்நாட்டுக் கிராமவாசிகள் ‘வாகபௌட் சோமில்’ என்ற நடமாடும் ரம்பங்களை வாங்கினார்கள். நோக்கம் சிறந்தது. ஆயினும் உதிரிப் பாகமும் பழகிய ஆளும் இல்லாமல் பல யந்திரங்கள் கிடப்பில் விழுந்தன. ஒரு குடும்பத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மரமே விழும். அதற்காக யந்திரம் வாங்கினால் துருப்பிடிக்கும். பல கிராமத்தார் சேர்ந்தால்தான் அதற்கு வேலையும், ஓட்டுபவனுக்குக் கூலியும் நிரந்தரமாகக் கிடைக்கும்.

விலை கொடுப்பதற்கு முன் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கேட்டறிவது அவசியம். தமிழ்நாட்டில் மரஞ்சார் தொழில்களை ஒழுங்குபடுத்த 2010-ல் விதிகள் வந்தன. மத்திய அரசாங்கத்தின் வழிகாட்டுதல்கள் 2016-ல் வெளியாயின. சக்கரம் பூட்டிய யந்திரம் என்பதால் விதிவிலக்கு உண்டென்று எண்ணிக்கொள்ளலாகாது. தேக்கு, சந்தனம் முதலியவற்றை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் தனிச் சட்டதிட்டங்கள் உண்டு. பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அநுமதி வேண்டும் என்று 2021-ல் அரசாங்கம் அறிவித்தது. கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் நிற்கும் மரம், நிழலில் இளைப்பாறியவர் சொத்தல்ல. அதைச் சங்கத்தின் யந்திரம் தொடக் கூடாது.

ஆகவே, யந்திரத்துடன் ஒரு பதிவேடும் போக வேண்டும். மரம் யாருடையது, எந்தப் பட்டா நிலத்தில் நின்றது, கட்டையின் அளவு என்ன, தேறிய பலகை எத்தனை கன அடி, எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாயிற்று என்பவற்றை ஓட்டுபவன் அந்த இடத்திலேயே எழுத, மரத்துக்குரியவர் கையெழுத்திட வேண்டும். கட்டணத்தை மணிக் கணக்கில் வைத்தால் வேலை நீளும். தேறிய கன அடிக்கு இவ்வளவு என்று வைப்பது நலம். ரம்பம் தீட்டுவதற்கும் புதுப்பட்டை வாங்குவதற்கும் ஒவ்வொரு கட்டணத்திலும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதை வேறு செலவுக்கு எடுக்க ஒருவருக்கும் அதிகாரம் கொடாதிருக்க வேண்டும்.