திக்கற்றோரின் வழக்குரைஞர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

"திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை" என்பது நம் நாட்டில் யாவரும் வழங்கும் பழமொழி. இஃது இரண்டு விதமாய் வழங்கப்படுகின்றது. துன்புற்றவன் இதனைத் தன் வாயாற் சொல்லுங்கால் அஃது அவனுக்கு ஊன்றுகோலாகின்றது. உதவ வல்லவன் இதனையே சொல்லித் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கால் அஃது அவனுக்கு ஒரு சாக்காகின்றது. அங்ஙனமாயின், தெய்வம் துணை என்பதன் மெய்ப்பொருள்தான் யாது? இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தோருள் பண்டை எபிரேய ஞானிகள் முன் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்கள். அவர்கள் கண்ட முடிவுகளை இன்று உங்கள் முன்னிலையில் எடுத்துரைக்க விழைகின்றேன். இவர்தம் நூல்களை வேதமாகக் கொண்டோரும் கொள்ளாதோரும் இவ்வவையில் இருத்தல் கூடும். நன்மை எங்கிருந்து வரினும் கைக்கொள்ளுதல் அறிவுடையோர் கடனாதலின், இருசாராரும் செவிசாய்க்க வேண்டுகின்றேன்.

எபிரேயருடைய திருநூற்றொகுதியில் நீதிமொழிகள், யோபு, பிரசங்கி என்னும் மூன்றும் ஞான நூல்கள் எனப்படும். எருசலேம் நகரத்தவராகிய பென் சீரா என்பார் கி.மு. 180ஐ ஒட்டி எபிரேய மொழியில் இயற்றிய ஞான நூலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதனைக் கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையாரும் வேதத்துள் வைத்தெண்ணுவர். யூதரும் சீர்திருத்தச் சபையாரும் அங்ஙனம் எண்ணாராயினும் அதன் சிறப்பை ஒப்புவர். இந்நூல்கள் நாட்டுச் சரித்திரம் கூறுவன அல்ல. வேள்வி முறைகளை வகுப்பனவும் அல்ல. கடன், நிலம், கூலி, தராசு, அண்டை அயலார், அரசன், வாய்ச்சொல் என்னும் அன்றாட வாழ்வைப் பற்றியே பெரிதும் பேசுவன.

இவை அடிக்கடி நினைவூட்டும் எளியோர் கைம்பெண், தந்தையற்ற பிள்ளை, வறியவன் என்போர். அந்நாட்டுச் சட்ட நூல்கள் இவர்களோடு நாடுவிட்டு வந்த அயலானையும் சேர்த்துக் கூறும். இவர்கள் எல்லார்க்கும் பொதுவாயுள்ள குறை பொருளின்மை மட்டுமன்று. அக்காலத்து எபிரேய ஊர்களில் வழக்குகள் ஊர்வாயிலில் மூப்பர் கூடியிருக்கத் தீர்க்கப்பட்டன. நிலமும் குடும்பமும் உடைய ஆண்மகனே அங்கு எழுந்து பேசும் செல்வாக்குடையவன். கணவனை இழந்தவளுக்கும், தந்தையை இழந்த சிறுவனுக்கும், உறவினர் ஊரில் இல்லாத அயலானுக்கும் அவ்வாயிலில் நா இல்லை. தமிழ் விவிலியத்தில் தந்தையற்ற குழந்தைகளைத் 'திக்கற்ற பிள்ளைகள்' என்று பெயர்த்தவர்கள் இக்கருத்தை நன்குணர்ந்தே பெயர்த்தனர் என்று கூறலாம். எத்திசையில் நோக்கினும் தமக்காகப் பேசுவார் ஒருவரும் இல்லாதாரே திக்கற்றோர்.

இந்நிலையை மனத்திற் கொண்டு நோக்கினால் நீதிமொழிகள் நூலின் ஒரு போதனை தெற்றென விளங்கும். அந்நூலின் இருபத்திரண்டாம் அதிகாரம், ஏழை ஏழையாயிருக்கின்றான் என்னும் துணிவினால் அவனைக் கொள்ளையிடலாகாது என்றும், சிறுமைப்பட்டவனை ஊர்வாயிலில் நசுக்கலாகாது என்றும் விலக்குகின்றது. விலக்கியதோடு அமையாது, காரணமும் கூறுகின்றது. அவர்களுடைய வழக்கைக் கர்த்தர் தாமே எடுத்து நடத்துவார் என்பதே அக்காரணம். இறைவன் ஈண்டு வானத்தினின்று இரங்கிப் பார்ப்பவராக மட்டும் காட்டப்படவில்லை. நா இல்லாதவர்க்கு நாவாக நின்று வாதாடும் வழக்குரைஞராகக் காட்டப்படுகின்றார். எதிரியின் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்றெண்ணி வழக்காட வந்தவன், அங்கே யார் நிற்கின்றார் என்று கண்டு திடுக்கிட வேண்டியவனாகின்றான்.

அதற்கடுத்த அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. பழைய எல்லைக் கல்லை நகர்த்தாதே, திக்கற்ற பிள்ளைகளின் வயலுட் புகாதே என்று தடுத்து, அவர்களுடைய மீட்பர் வலியவர் என்று எச்சரிக்கின்றது. இங்கே 'மீட்பர்' என்று நாம் வழங்குவதற்கு எபிரேய மொழியில் 'கோயேல்' என்பது சொல். அது முதற்கண் சமயச் சொல் அன்று, உறவுச் சொல்லேயாம். வறுமையால் ஒருவன் தன் காணியை விற்க நேரின் அதனை விலைகொடுத்து மீட்க வேண்டிய நெருங்கிய உறவினனே கோயேல். கடனால் ஒருவன் அடிமையாக விலைப்பட்டால் அவனை மீட்கும் உரிமையும் அவ்வுறவினனுக்கு உண்டு. இவ்விரண்டையும் லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்திற் காணலாம். ரூத் என்னும் இளங்கைம்பெண்ணின் சரித்திரத்தில், போவாஸ் என்பவர் ஊர்வாயிலிற் பத்து மூப்பரை அமரச் செய்து இக்கடமையை ஏற்றுக்கொண்டதும் இம்முறை பற்றியே.

அன்பர்களே! இதனைச் சற்று ஊன்றிச் சிந்தியுங்கள். கோயேலாக நிற்க உறவினன் ஒருவன் இருந்தால் அப்பிள்ளையின் வயலில் எவனும் துணிந்து கால் வைக்கமாட்டான். உறவினன் இல்லை, அல்லது இருந்தும் கைவிட்டான். அல்லது அவனே வயலைக் கவர முற்பட்டான். அவ்விடத்திற்றான் ஞானி இறைவனைக் கொண்டுவந்து நிறுத்துகின்றான். உறவு தவறிய இடத்தில் இறைவன் உறவாகின்றான் என்பதே அதன் கருத்து.

எல்லைக் கல்லைப் பற்றிய இவ்வறிவுரை எபிரேயர்க்கு மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டில், அவர்கட்கு முற்பட்ட காலத்தே, அமெனெமோப்பே என்னும் ஒருவர் தம் மகனுக்கு முப்பது அதிகாரங்களில் நல்லுரை வழங்கினார். அதனைத் தாங்கிய பாப்பிரசுச் சுருள் 1888இல் பிரிட்டிஷ் மியூசியத்திற்குக் கிடைத்து, 1923இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டிலேயே எர்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதற்கும் நீதிமொழிகளின் இப்பகுதிக்கும் உள்ள நெருங்கிய ஒற்றுமையை எடுத்துக் காட்டினார். கைம்பெண்ணின் எல்லையைக் கவராதே என்பது அந்நூலிலும் உண்டு; கவர்ந்தவனைச் சந்திர தேவனின் வல்லமை பற்றிக்கொள்ளும் என்பது அதன் எச்சரிக்கை. எபிரேய ஞானி அயல்நாட்டு அறிவை வெறுக்காது ஏற்றான். ஏற்றவன் அதிற் புதிதாக ஒன்றை வைத்தான். தண்டிக்கும் தெய்வம் என்னும் இடத்தில் உறவினனாகிய தெய்வம் என்றான்.

இவை வெறும் ஏட்டுப் பேச்சல்ல என்பதற்கு மண்ணிலிருந்து ஒரு சான்று வெளிப்பட்டுள்ளது. மத்தியதரைக் கடற்கரையில் யாவ்னே என்னும் ஊரை அடுத்த ஒரு பழங்கோட்டையில், எபிரேய எழுத்துடைய மட்பாண்ட ஓடு ஒன்று 1960இல் கண்டெடுக்கப்பட்டது. அது கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. அறுவடை செய்யும் ஓர் ஏழைக் கூலியாள் தன் அதிகாரிக்கு எழுதுவித்த முறையீடு அது. தான் அறுத்து, அளந்து, களஞ்சியத்திற் சேர்த்து முடித்த பின்னும் ஒருவன் தன் ஆடையைப் பிடுங்கிக்கொண்டான் என்றும், வெயிலில் தன்னுடன் அறுத்த தோழர்கள் தனக்குச் சாட்சி கூறுவர் என்றும், ஆடையைத் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்றும் அவன் மன்றாடுகின்றான். ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது யாத்திராகமத்துச் சட்டம். இரவில் அதுவே அவனுக்குப் போர்வை. யோபு நூலும் எளியவனின் ஆடையை அடகாகப் பறிப்பதைக் கொடுமைகளுள் ஒன்றாக எண்ணும். அந்த ஓட்டுத் துண்டைக் காணுங்கால் ஞானிகள் யாருக்காகப் பேசினர் என்பது கண்கூடாகின்றது.

இனி, இறைவன் எளியவனுக்காக ஏன் இவ்வளவு பரிந்து நிற்க வேண்டும்? ஞானிகள் தரும் விடை எளிமையானது. செல்வனையும் வறியவனையும் படைத்தவன் ஒருவனே. ஆதலின் ஏழையை எள்ளுகிறவன் அவனைப் படைத்தவனையே எள்ளுகின்றான் என்பர். அதன் மறுதலையாக, ஏழைக்கு இரங்குகிறவன் இறைவனுக்கே கடன் கொடுக்கின்றான் என்றும் கூறுவர். கடன் வாங்கியவன் பெயரில் இறைவன் கையெழுத்திட்டதைப் போன்ற இவ்வுவமையினும் துணிவுடைய உவமையைக் காண்டல் அரிது.

ஆனால், இங்கே நேர்மையான ஒரு தடை எழுகின்றது. இறைவன் உண்மையாகவே காக்கின்றான் என்றால், பறிபோன வயல்கள் ஏன் பறிபோயின? இத்தடையைப் பிறர் எழுப்பும்வரை எபிரேய ஞானிகள் காத்திருக்கவில்லை, தாமே எழுப்பினர். யோபு நூலின் இருபத்து நான்காம் அதிகாரத்தைப் படிப்போர் நெஞ்சம் கலங்கும். எல்லைகள் நகர்த்தப்படுகின்றன, திக்கற்றவரின் கழுதை ஓட்டிச் செல்லப்படுகின்றது, கைம்பெண்ணின் எருது அடகாகப் பிடிக்கப்படுகின்றது. கதிர்க்கட்டைச் சுமப்பவன் பசித்திருக்கின்றான். திராட்சை ஆலையை மிதிப்பவன் தாகத்தால் வாடுகின்றான். இத்தனையும் கண்டும் இறைவன் கவனியாதிருப்பது போலிருக்கின்றதே என்று யோபு முறையிடுகின்றார். பிரசங்கியின் ஆசிரியரோ, ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரைக் கண்டு, அவர்களைத் தேற்றுவாரில்லை என்பதை ஒரே மூச்சில் இருமுறை சொல்லி வருந்துகின்றார். இம்முறையீடுகளைத் திருநூலினின்றும் நீக்காது வைத்த அவர்தம் மெய்ம்மை போற்றத்தக்கது.

இத்தடைக்கு விடை எங்கே? யோபின் நண்பர் எலிப்பாஸ் ஒரு விடை வைத்திருந்தார். துன்புறுகின்றவன் பாவம் செய்தவனே. ஆகவே யோபும் கைம்பெண்களை வெறுங்கையாய் அனுப்பியிருக்க வேண்டும், ஏழையின் ஆடையைப் பறித்திருக்க வேண்டும் என்று அவர் குற்றம் சாட்டினார். சாட்சி ஒன்றும் அவர்பால் இல்லை. எளியோர்க்காகப் பேசும் அறமொழிகளையே கொண்டு, துன்பத்தில் வீழ்ந்த ஒருவனை அவர் அடிக்கின்றார். நூலின் இறுதியில் இறைவன் கடிந்துகொள்வது இந்த எலிப்பாஸையும் அவர் தோழரையுமே. முறையிட்ட யோபையோ, தம்மைக் குறித்து நேர்மையாகப் பேசியவன் என்று ஏற்றுக்கொள்கின்றார்.

யோபு தம்மைப் பற்றிக் கூறிய மறுமொழியில்தான் நாம் தேடும் பொருள் உள்ளது. முறையிட்ட ஏழையையும் உதவியற்ற பிள்ளையையும் தாம் விடுவித்ததாகவும், குருடர்க்குக் கண்ணாகவும் முடவர்க்குக் காலாகவும் இருந்ததாகவும், கொடியவனின் பல்லைத் தகர்த்து அவன் வாயிலிருந்த இரையைப் பறித்ததாகவும் அவர் சொல்கின்றார். தம்முடைய அடிமை தம்மீதே வழக்குக் கொண்டுவந்தாலும் அதனை அசட்டை செய்ததில்லை. தாய் வயிற்றில் இருவரையும் உருவாக்கியவன் ஒருவனே என்கின்றார். ஊர்வாயிலில் தமக்கு ஆதரவுண்டு என்னும் துணிவால் ஒரு பிள்ளைமேற் கை ஓங்கியிருந்தால் அக்கை தோளினின்றும் விழட்டும் என்று ஆணையிடுகின்றார். தாம் ஊர்வாயிலில் அமர்ந்த நாளில், இறைவன் எடுத்து நடத்தும் வழக்கைத் தம் நாவினாலேயே நடத்தியவர் அவர். லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் உரைத்த அறிவுரையும் இதுவே: வாய் பேச இயலாதவனுக்காக நீ வாய் திற என்பதாம். ஆதலின், தெய்வம் துணை என்பது மனிதன் விலகி நிற்பதற்கு அளித்த விடுப்புச் சீட்டு அன்று. அவன் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு இட்ட கட்டளை.

சீராக்கின் ஞானியோ இதனை வழிபாட்டோடு இணைத்து முடிவு செய்கின்றார். ஏழையின் பொருளைப் பறித்து அதனைக் காணிக்கையாகப் படைப்பவன், தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்பவனுக்கு ஒப்பாவான் என்கின்றார். கூலியைப் பிடித்து வைப்பதும் இரத்தம் சிந்துவதும் அவர் கண்ணுக்கு ஒன்றே. கைம்பெண்ணின் கன்னத்தில் வழியும் கண்ணீரே அவளை அழவைத்தவன்மேற் கூறும் குற்றச்சாட்டு என்றும், தாழ்ந்தோரின் மன்றாட்டு மேகங்களை ஊடுருவிச் செல்லும் என்றும் மொழிகின்றார். இந்நூலின் எபிரேய மூலம் பல நூற்றாண்டுகள் மறைந்திருந்து, 1896இல் ஷெக்டர் என்னும் அறிஞரால் ஓர் ஏட்டளவில் அடையாளம் காணப்பட்டது. பின்னர்க் கெய்ரோ நகரத்துப் பழஞ்சுவடிக் குவியலிலிருந்து மேலும் பல ஏடுகள் கிடைத்தன.

சங்கத்து அன்பர்களே! உறவினர் ஒன்றுகூடி அமைத்தது நம் சங்கம். உறவு என்பது கடமை என்று அறிந்த நமக்குக் கோயேல் என்னும் சொல் அயற்சொல்லாகத் தோன்றாது. பாகப்பிரிவினையில் நடுவராக அமர்வோரும், சிறுவர் சொத்துக்குப் பொறுப்பாளராக நிற்போரும், அடகு வாங்கி வாணிகம் செய்வோரும் நம்முள் உண்டு. எழுந்து பேசாதவரின் பங்கு எங்கே போயிற்று என்று அவ்விடங்களிற் கேட்பவர் ஒருவராவது இருத்தல் வேண்டும். ஆயினும் நம் உறவினர் அளவில் நின்றுவிட்டால் யோபின் பாடத்திற் பாதியையே கற்றவராவோம். தமக்கு முன்பின் அறியாதவனுடைய வழக்கையும் தாமே தேடி ஆராய்ந்ததாக அவர் கூறுகின்றார். பக்கத்தில் எவரும் இல்லாதவனைத் தன் உறவினனாக எண்ணி அவன் அருகிற் சென்று நிற்பதே அந்த ஞானிகள் கண்ட தெய்வத்தின் குணம். அதனை ஒரு சிறிதேனும் நாம் நம் வாழ்வில் மேற்கொள்வோமாக.