கணிப்பும் தீர்ப்பும்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், பொதுத் தேர்வில் தவறக்கூடியவர் இன்னின்னார் என்று ஒரு பட்டியல் எழுதுவது வழக்கம். அது பெரும்பாலும் பலித்தது. ஒருமுறை அதை நம்பி, ஒரு சிறுவனின் தந்தையிடம், "இவன் தேறமாட்டான்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவர் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அவன் தேறியிருப்பானோ என்னவோ, இனி எவரும் அறிய இயலாது. அந்த நினைவோடுதான், இன்று மருத்துவர் செய்யும் ஒரு கணிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் 1677-ஆம் ஆண்டில் விந்தணுக்களைத் தம் நுண்ணோக்கியில் கண்டார். முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1978 ஜூலை 25-ஆம் நாள், இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் என்னும் பெண் குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருவுற்ற முட்டையிலிருந்து தோன்றிய முதற் குழந்தை அதுவே. எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி என்னும் மூவர் உழைப்பின் பயன் அது.

ஆயினும், முட்டைகளையும் விந்தணுக்களையும் கண்ணாடித் தட்டில் ஒன்றுசேர்த்தும், சில வேளைகளில் ஒரு முட்டைகூடக் கருவுறுவதில்லை. அந்தத் தம்பதியரின் துயரம் பெரிது. இதை முன்னரே அறிந்துகொள்ள வழி உண்டா?

விந்தணுக்களின் எண்ணிக்கை, நீந்தும் ஆற்றல், வடிவம் ஆகிய மூன்றையும் மருத்துவர் ஆராய்கின்றனர். விந்தணுவின் தலையில் தொப்பி போன்ற ஓர் உறை உண்டு. முட்டையின் புறத்தோட்டைத் துளைக்க உதவும் நொதிகள் அதில் அடங்கியுள்ளன. ஆகவே தலையின் வடிவம் முக்கியமாகிறது. வடிவத்தைக் கண்டிப்பான அளவுகோலால் மதிப்பிட்டால் கருவுறுதலை ஓரளவு கணிக்கலாம் என்று 1986-இல் குரூகரும் அவர் குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில், கீழெல்லையாக ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்களும், அவற்றுள் 4 விழுக்காடு நல்வடிவமும் குறிக்கப்பட்டுள்ளன. இது தேர்ச்சி மதிப்பெண் அன்று. ஓராண்டுக்குள் மனைவியர் கருவுற்ற ஆடவரை அளந்து, அவருள் நூற்றுக்கு ஐவர் எந்த அளவுக்குக் கீழே இருந்தனரோ, அதனையே எல்லையாக வைத்தனர். எல்லைக்குக் கீழே இருந்த அந்த ஐவரும் தந்தையரே அல்லரோ?

எல்லா அளவும் செம்மையாக இருந்தும் கருவுறாமல் போவதுண்டு. முட்டையை விழித்தெழச் செய்யும் புரதம் ஒன்று விந்தணுவில் உண்டு என்பது 2002-இல் தெரியவந்தது. அதன் குறையை எண்ணிக்கை காட்டாது. குறை முட்டையிலும் இருக்கக்கூடும்.

அப்படியானால் கணிப்பு வீணா? இல்லை. ஒரே விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் முறையில் கருத்தரித்த செய்தி 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து வெளிவந்தது. விந்தணுவின் தரம் மிகக் குறைந்திருந்தால், முட்டைகள் வீணாகுமுன் மருத்துவர் அம்முறையை நாடலாம். ஆடவனையும் சோதிப்பதால், குழந்தையின்மைக்குப் பெண்ணை மட்டும் பழிக்கும் கொடுமையும் நீங்கும்.

மாணவர்களே, கணிப்பு வழியைத் தேர்ந்தெடுப்பதற்கே. வாயிலை அடைப்பதற்கு அன்று. நான் பட்டியலைக் கொண்டு அச்சிறுவனுக்குத் தனிப்பாடம் சொல்லித் தந்திருக்க வேண்டும். நீங்கள் மருத்துவரானாலும் ஆசிரியரானாலும் இதனை மறவாதீர்கள்.