மட்டையை மாற்றலாமா, தம்பி?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் "உதிரிபாகத் தொழிலின் எதிர்காலம்" பற்றிப் பேசச் சொன்னார். அதைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பத்துப் பேராவது உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் டிபன் சாப்பிடும்போது நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஆகவே அதையே எடுத்துக்கொள்கிறேன். கேள்வி கோல்ஃப் பற்றியது. சிரிக்காதீர்கள்!

கில்லி ஆடி, தென்னை மட்டையில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நமக்கு இந்த ஆட்டம் எப்படி வந்தது என்பது உங்களுக்கே தெரியும். 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் சான்ட்ரோ வெளியே வந்தது. கூடவே கொரிய சப்ளையர் கம்பெனிகள் வந்தன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது, ஜப்பானியர்கள் வந்தார்கள். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் போர்டு தொங்குகிறது. அவர்களுக்கு ஞாயிறு காலை என்றால் கோல்ஃப். அவர்களோடு வியாபாரம் பேசும் நம் ஆட்களும் மெல்ல மெல்லப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். (கிளப் என்றால் மன்றமா, ஆடுகிற கோலா என்று குழப்பம் வரும். நான் மட்டை என்றே சொல்கிறேன்.)

நமக்கு ஏழெட்டு வருஷம் ஜூனியர் ஒரு தம்பி, ஒரகடம் பக்கம் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். ஆட ஆரம்பித்து ஆறு மாதம். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய செட் வாங்கி வைத்திருக்கிறார். கடைக்காரர் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு செட் காட்டி, "இ.எம்.ஐ. போட்டுக்கலாம் சார்" என்றிருக்கிறார். வீட்டில் பிள்ளைக்கு ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டியாக வேண்டும். "அண்ணே, மட்டையை மாத்தினா ஆட்டம் மாறுமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "உன் லைன்ல பீஸ் ரிஜெக்ட் ஆனா, உடனே புது மெஷின் வாங்கச் சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். முதல்ல அளந்து பார்ப்பேன்."

இங்கேயும் அளக்கலாம். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். அடித்தால் அந்த மை மட்டையின் முகத்தில் ஒட்டும். இருபது பந்து அடியுங்கள். இருபது புள்ளியும் முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அது கையின் கோளாறு. எந்த விலை மட்டையும் அதைச் சரி செய்யாது. புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் நடுவை விட்டு ஓரமாக விழுந்தால், அப்போது மட்டையின் நீளத்தையோ சாய்வையோ சந்தேகப்படலாம். தம்பி அடித்துப் பார்த்து போட்டோ அனுப்பினார். அம்மை போட்ட மாதிரி இருந்தது!

இனி, விலை குறைந்த மட்டையில் என்னதான் இல்லை? கார்ஸ்டன் சோல்ஹைம் என்று ஒருவர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இன்ஜினியர், நம்ம ஜாதி! பட்டர் சரியாக அமையாமல் வெறுத்துப்போய் 1959-இல் வீட்டு கராஜில் தானே ஒன்று செய்தார். அது எழுப்பிய ஓசையையே வைத்து 'பிங்' என்று பெயர் சூட்டினார். எடையை நடுவில் குவிக்காமல் ஓரங்களுக்குத் தள்ளினால், பந்து ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது என்பதுதான் அவர் யோசனை. ஃப்ளைவீல் பாடம் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பின்பக்கம் குழிந்த இந்த அயர்ன்கள் இன்று ஆரம்பக்காரர்களுக்கான மலிவு செட்டிலும் கிடைக்கின்றன. பெரும்பாலான தலைகளை மெழுகு அச்சு வைத்துத்தான் வார்க்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகளின் முறைக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. மாறாக, தேர்ந்த ஆட்டக்காரர்கள் விரும்பும் மெல்லிய ஃபோர்ஜ்டு மட்டை, விலையும் அதிகம், நடுவில் படாவிட்டால் கை அதிர்ந்துபோகும். காசு கூடக் கூட மட்டை நம் தப்பை மன்னிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கடையில் இன்னொரு வேடிக்கை. புது 7-ஆம் எண் அயர்னைக் கொடுத்து அடிக்கச் சொல்வார்கள். பந்து பதினைந்து கெஜம் தள்ளிப் போகும்; நமக்கும் மனசு போய்விடும். முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய 7-ஆம் எண்ணுக்கு முகத்தின் சாய்வு சுமார் 35 டிகிரி. இப்போது பலவற்றில் 30, சிலதில் அதற்கும் கீழே. பழைய கணக்கில் அது 5-ஆம் எண், 6-ஆம் எண் மட்டை. எண்ணைப் பார்க்காதீர்கள், டிகிரியைக் கேளுங்கள்.

விதிப்படி பையில் 14 மட்டை வரை வைக்கலாம். குறைந்தபட்சம் இத்தனை என்று விதியே இல்லை. ஏழு போதும். ஸ்பெயினின் செவே பாயெஸ்டெரோஸ் சிறுவனாகக் கடற்கரையில் ஒரே ஒரு 3-ஆம் எண் அயர்னை வைத்துப் பழகியவர். நம் நாட்டில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-இல் இந்தியன் ஓபனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான்.

அப்படியானால் எதையுமே மாற்ற வேண்டாமா? மாற்றலாம். சென்னை வியர்வையில் வழவழத்துப்போன கிரிப்பை முதலில் மாற்றுங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம். தலை ஆடினால் ஒட்டுங்கள். 72 அடி கணக்கு உள்ள மைதானத்தில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி பட்டருக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு மட்டை வாங்கக் காசிருந்தால் பட்டர் வாங்குங்கள். மிச்சத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப் மைதானத்துக்கு ஒரகடத்திலிருந்து வண்டலூர் வழியாகப் போய் வரும் பெட்ரோலையும் கணக்கில் சேருங்கள்.

தம்பி கடைசியில்தான் மனசில் இருந்ததைச் சொன்னார். "அண்ணே, ஆட்டத்துக்காக இல்ல. கஸ்டமர் முன்னாடி இந்தப் பையைத் திறக்கக் கூச்சமா இருக்கு."

இதை நான் தள்ளிவிட மாட்டேன். பையைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் உண்டு. ஆனால் நான் சேர்ந்து ஆடிய கொரியர், ஜப்பானியர் அநேகம் பேர் பார்த்தது வேறு: மணலில் விழுந்த பந்தை எடுத்தபின் மணலைச் சமன் செய்கிறானா, பெயர்ந்த புல்லைத் திரும்ப வைக்கிறானா, பின்னால் வருகிறவர்களைக் காக்க வைக்கிறானா, எட்டு அடி அடித்துவிட்டு ஏழு என்று எழுதுகிறானா. பார்ட்ஸில் டிஃபெக்ட் வந்தால் மறைப்பானா என்பதை அந்த ஏழிலேயே கண்டுபிடித்து விடுவார்கள். ஒரு ஜப்பானிய ஆலோசகர் பெயின்ட் உதிர்ந்த செட்டோடு வருவார். அவர் பையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

தம்பி கிரிப் மாற்றினார், பழைய பட்டர் ஒன்று வாங்கினார், பத்து வகுப்புக்குப் பணம் கட்டினார். பள்ளிக் கட்டணமும் கட்டியாயிற்று. அடுத்த பொங்கலுக்கு மறுபடி இருபது பந்து அடித்துப் பார்க்கலாம் என்று பேச்சு.

இங்கே இருக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரரின் பழைய செட் சும்மா கிடக்கிறதே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். நீளம் அதிகம், ஷாஃப்ட் விறைப்பு, கனமும் கூட. உங்களுக்கு மட்டும் முதல் நாளே தனி செட் வாங்கச் சொல்லுவேன். அது மலிவானதாகவே இருக்கட்டும். வீட்டில் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.