பேசாமல் பேசிய அக்னஸ் மூர்ஹெட்



நடிகை அக்னஸ் மூர்ஹெட்டின் பெருமை வானொலியில்தான் தொடங்கியது. 1943-இல் அமெரிக்காவின் 'சஸ்பென்ஸ்' தொடரில் ஒலிபரப்பான 'ஸாரி, ராங் நம்பர்' நாடகத்தில், ஒரு கொலைத் திட்டத்தைத் தொலைபேசியில் தற்செயலாகக் கேட்டுவிடும் பெண்ணாக நடித்தார். நேயர்கள் விடவில்லை, அந்த நாடகத்தை அவர் பலமுறை மறுபடியும் நடிக்க வேண்டியிருந்தது.

அப்பேர்ப்பட்ட குரலுக்குச் சொந்தக்காரரை அழைத்து, ஒரு வசனம்கூடக் கொடுக்காமல் நடிக்கவைத்தது 'ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடர். வாரம் ஒரு தனிக்கதை சொன்ன தொடர் அது. 1961 ஜனவரி 27 அன்று ஒளிபரப்பான அந்தக் கதையின் பெயர் 'தி இன்வேடர்ஸ்'. எழுதியவர் ரிச்சர்ட் மாத்தசன், இயக்கியவர் டக்ளஸ் ஹெய்ஸ்.

மின்சாரம் இல்லாத ஒற்றை வீடு. தனியாக வாழும் முதியவள். கூரையில் ஏதோ விழுந்து அதிர்கிறது. ஏறிப் பார்த்தால் ஒரு சின்னப் பறக்கும் தட்டு. அதிலிருந்து கையளவு உருவங்கள் இறங்குகின்றன. அவளைச் சுடுகின்றன, அவள் வீட்டுக் கத்தியாலேயே அவளைக் கீறுகின்றன.

இங்கேதான் மூர்ஹெட்டை நான் வியக்கிறேன். சூடு பட்ட கையைப் பார்த்து அவர் அலறுவதில்லை. அடிபட்ட மாடு முனகுவதுபோல அடிவயிற்றிலிருந்து ஓர் ஓசை வருகிறது. பயத்தில் மூச்சு ஒருவிதம், வலியில் வேறுவிதம். ஓர் உருவத்தைப் போர்வையில் சுருட்டி அடித்து நெருப்பில் எறியும்போது, அந்த மூச்சிலேயே வெறி ஏறிவிடுகிறது. ஒலிவாங்கியின் முன் பல்லாண்டு நின்று பழகியவருக்குத்தான் மூச்சை இப்படிப் பிரித்துக் காட்ட வரும். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசையும் பல இடங்களில் அந்த மூச்சுக்கு வழிவிடுகிறது.

குறையும் உண்டு. அந்தக் குட்டி உருவங்கள் விளையாட்டுப் பொம்மைகளாகவே தெரிகின்றன. பறக்கும் தட்டுகூட 'ஃபார்பிடன் பிளானட்' படத்துக்காகச் செய்ததுதான். ஆனாலும் மூர்ஹெட்டின் முகத்தில் உள்ள பீதி அந்தப் பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கிறது.

முடிவைச் சொல்லாமல் இந்த நாடகத்தை எடைபோட முடியாது, மன்னியுங்கள். அவள் கோடாலியோடு கூரையேறித் தட்டைப் பிளக்கும்போது, உள்ளிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் அலறுகிறது: இது அரக்கர்களின் உலகம், யாரும் வராதீர்கள் என்று. தட்டின் பக்கவாட்டில் அமெரிக்க விமானப்படையின் பெயர். வந்தவர்கள் மனிதர்கள், அவளோ வேற்றுலகின் ராட்சசி!

அவள் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசியிருந்தாலும் இந்தக் கதை நின்றிருக்காது. கதைக்குத் தேவையான அந்த மௌனத்தை, நமக்குச் சந்தேகமே வராதபடி, தனிமையில் பேச்சையே மறந்துபோன ஒரு கிழவியின் இயல்பாக ஆக்கிவிட்டார் மூர்ஹெட். முடிவு தெரிந்த பிறகும் நாடகம் சலிக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். இரண்டாம் முறை பார்க்கும்போதும், தட்டில் வந்தவர்கள் நம்மவர்கள் என்று தெரிந்தும், மனம் அந்தக் கிழவியின் பக்கமே நிற்கிறது.