ஆட்டிசம் இருக்கலாம்: அதை அவன்கிட்ட எப்போ சொல்றது?

இந்த வாரம் டெக் பேச்சு கிடையாது. நம்ம எபிசோடைக் கேட்கிற ஒரு அம்மா அனுப்பின மெயிலுக்குப் பதில் சொல்றதுதான் முழுக்க. அவங்க அனுமதியோட, சில விவரங்களை மாத்திட்டுப் பேசறேன்.

பையனுக்கு 15 வயசு. சிபிஎஸ்இ ஸ்கூல்ல பத்தாவது. ஸ்கூல் கவுன்சிலர் கூப்பிட்டு, "ஆட்டிசம் இருக்கலாம்னு தோணுது, ஒரு அசெஸ்மென்ட் பண்ணிப் பாருங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் மூணு வாரம். "கண் செக்கப்புன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம், பரீட்சை முடிஞ்சதும் மெதுவா சொல்லிக்கலாம்ங்கறார் அவன் அப்பா. எனக்கு மனசு ஒப்பலை"ன்னு எழுதியிருக்காங்க.

நான் டாக்டர் இல்லைங்க, கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனா இதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. போறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட சொல்லிடணும்.

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பேசியும் கவனிச்சும்தான் முடிவுக்கு வர்றாங்க. நம்ம நாட்டுல பயன்படுத்துற ஐஎஸ்ஏஏ அளவுகோல்ல மட்டும் 40 அம்சங்களைப் பார்க்கிறாங்க. கண்ணைப் பார்த்துப் பேசறானா, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்யறானா, இந்த மாதிரி. சின்ன வயசுல எப்போ பேச ஆரம்பிச்சான்னு பெத்தவங்களையும் கேட்பாங்க. கண் டெஸ்டுக்குன்னு வந்த 15 வயசுப் பையனுக்குப் பத்தே நிமிஷத்துல விஷயம் புரிஞ்சிடும். அதுக்கப்புறம் அவன் யார்கிட்ட மனசு விட்டுப் பேசுவான்?

என் சித்தி பையன் கதையைச் சொல்றேன் (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான்). ஏழாவது படிக்கும்போதே அவனுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு. அவனுக்குத் தெரிய வந்தது ப்ளஸ் ஒன்ல, ஆதார் கார்டைத் தேடி பீரோவைக் குடைஞ்சப்போ. ரிப்போர்ட்டைப் படிச்சிட்டு அவன் முதல்ல கேட்டது, "இது யார் யாருக்கெல்லாம் தெரியும்?" தாத்தா வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. ஆட்டிசம்ங்கிற வார்த்தையை ஒரு வாரத்துல ஏத்துக்கிட்டான். சொல்லப்போனா, "அப்பாடா, இதானா"ன்னுதான் சொன்னான். பீரோவுல ஒளிச்சு வெச்சதுக்குத்தான் இன்னும் சித்திகிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல.

சரி, எப்படிச் சொல்றது? அவனுக்கே தெரிஞ்ச விஷயத்துல இருந்து ஆரம்பிங்க. கல்யாண மண்டபத்துல மேளம் கொட்டினா வெளியே போய் நிக்கறது, சட்டைக் காலர் லேபிளை வெட்டச் சொல்றது, டியூஷன் டைம் திடீர்னு மாறினா அன்னிக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடாதது. எல்லாம் உங்க மெயில்ல இருக்கறதுதான். அப்புறம், "இதுக்கெல்லாம் சேர்த்து ஒரு காரணம் இருக்கலாம்னு கவுன்சிலர் நினைக்கிறாங்க. அதுக்குப் பேரு ஆட்டிசம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். தெரிஞ்சுக்கத்தான் போறோம்." இவ்வளவு போதும்.

எங்க வேலையில சர்வர் படுத்துட்டா முதல் மெசேஜ்லயே தெரிஞ்சது இது, தெரியாதது இது, அடுத்த அப்டேட் எப்போன்னு போட்டுடுவோம். காரணம் முழுசா தெரியட்டும்னு வாயை மூடிட்டிருந்தா ஆளுக்கொரு கதை கட்டுவாங்க. வீட்டுலயும் அதேதான். கதவைச் சாத்திட்டு நீங்க குசுகுசுன்னு பேசறது அவன் காதுல எப்பவோ விழுந்திருக்கும்.

அப்பா அம்மா ரெண்டு பேரும் எதிர்ல உட்கார்ந்து முகத்தையே பார்த்துப் பேசினா அது போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும். மொட்டை மாடியில நடந்துகிட்டே பேசுங்க. வாட்ஸ்அப்ல டைப் பண்றதுதான் அவனுக்கு வசதின்னா அதுலயே பேசுங்க, தப்பே இல்ல. "ம்"னு ஒத்தை எழுத்துல முடிச்சிட்டு போனை எடுத்தா விட்டுடுங்க. ரெண்டு நாள் கழிச்சு, சாப்பிடும்போது கேள்வி வரும்.

அது "அப்போ நான் மென்டலா?"ன்னு இருந்தா பதறாதீங்க. ஆட்டிசம் தொத்துற நோயும் இல்ல, புத்தி கெட்டுப் போறதும் இல்ல. மூளை வளர்ற விதத்துல சின்ன வயசுல இருந்தே இருக்கிற வித்தியாசம். பேப்பர்ல 'மதியிறுக்கம்'னு போடறாங்க. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கல. 15 வயசுல அதைப் படிக்கிறவனுக்கு என்ன தோணும்? கிரேட்டா துன்பர்க் தனக்கு ஆஸ்பெர்கர் இருக்குன்னு வெளிப்படையாவே சொன்னவங்க, அதுவும் ஆட்டிசம் வகைதான்னு காட்டுங்க. ஆனா "இது இருக்கிறவங்க எல்லாம் ஜீனியஸ்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. பத்தாவது மார்க்கோட சேர்த்து அதையும் அவன் சுமக்கணும்.

அப்பாவோட பயம் பரீட்சையைப் பத்தி. நியாயம்தான். ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு. சான்றிதழ் இருந்தா சிபிஎஸ்இ பரீட்சையில கூடுதல் நேரம் மாதிரி சலுகைகள் கேட்கலாம். அதனால தள்ளிப் போட்டா நஷ்டம் அவனுக்குத்தான். அசெஸ்மென்ட்டுக்குப் போனாலே சான்றிதழ் வாங்கியாகணும்னும் கட்டாயம் இல்ல. அது தனி முடிவு, அதுலயும் அவனைக் கேளுங்க.

பெரியம்மாவுக்குச் சொல்லலாமா, டியூஷன் சாருக்குச் சொல்லலாமா, இதையும் அவனே சொல்லட்டும். அதுவரைக்கும் ஃபேமிலி குரூப்ல ஒரு வார்த்தை வேண்டாம்.

மூணு வாரம் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமையே பேசிடுங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு மெயில் போடுங்க, அவன் சரின்னு சொன்னா மட்டும்.