18 கிலோ யாருடைய வேலை?

(தோட்டக் குடும்பங்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு முகாமைத்துவம். இந்தச் சொல்லைக் கேட்டதும், "இது துரைமாருக்கும் ஆபிஸ்காரருக்கும் உள்ள விஷயம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. முகாமைத்துவம் என்பது மூன்று கேள்விகள்தான். என்ன வேலை முடிய வேண்டும்? அதில் யாருக்கு எந்தப் பங்கு? முடிந்ததா இல்லையா என்று எப்படி அளப்பது? காலையில் பெரட்டுக்களத்தில் நீங்கள் நிற்கும்போதே இந்த மூன்றுக்கும் பதில் எழுதப்படுகிறது. எந்த மலை, எந்த வேலை, எத்தனை கிலோ என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பதிலை எழுதும் இடத்தில் நாமும் இருக்கிறோமா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு முழுப் பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து? சில தோட்டத்தில் 16, சில தோட்டத்தில் 18, சில தோட்டத்தில் 20. பேச்சு வசதிக்காக 18 என்று வைத்துக்கொள்வோம். இந்த 18 கிலோ யாருடைய வேலை? "கொழுந்து பறிக்கிறவங்க வேலைதானே" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அந்தப் பதில் பாதிதான் சரி.

கூடை போகும் வழி

முதலில் கூடைக்குள் இருக்கும் கொழுந்து எங்கே போகிறது என்று பார்ப்போம். மடுவத்தில் நிறுத்து, சாக்கில் போட்டு, லொறியில் ஏற்றி ஸ்டோருக்குப் போகிறது. அங்கே வாட்டும் தட்டுகளில் பரப்பி, இரவு முழுக்கக் காற்று விடுகிறார்கள். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் தண்ணீர்தான். அதில் ஒரு பகுதி போய், இலை துவண்ட பிறகுதான் அரைக்க முடியும். அரைத்து, புளிக்க வைத்து, சூட்டில் காய வைத்து, சல்லடையில் தரம் பிரிக்கிறார்கள். கடைசியில் தூளில் தங்கும் தண்ணீர் நூற்றுக்கு மூன்று அளவுதான். அதனால் நாலரைக் கிலோ அளவு கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் வரும். 18 கிலோ பறித்தால் 4 கிலோ தூள்.

அந்தத் தூள் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883ஆம் ஆண்டு தொடங்கிய ஏலம் அது. அங்கே ஒரு தோட்டத்தின் தூளுக்கு நல்ல விலை விழுவதும் விழாததும் இலையைப் பொறுத்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நம்ம பாட்டிமார் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்களே, அது சும்மா சொன்ன பேச்சல்ல. முத்தின இலையும் தண்டும் சேர்ந்தால் வாட்டம் ஒரே மாதிரி வராது, அரைப்பு சரியாக விழாது, தூளில் நார் கூடும். கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் நசுங்கிச் சூடேறி, ஸ்டோருக்குப் போகும் முன்னமே சிவந்துவிடும். அதற்குப் பிறகு டீமேக்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கெட்ட இலையை நல்ல தூளாக்க முடியாது.

ஆகவே மலையில் இருக்கிறவரும் ஸ்டோரில் இருக்கிறவரும் ஒரே சங்கிலியில் இரண்டு கண்ணி. ஒன்று விட்டால் மற்றதும் விட்டுப் போகும்.

யாருக்கு எந்தப் பங்கு?

இப்போது வேலைப் பங்கைப் பார்ப்போம்.

துரை வருட மதிப்பீடு போடுகிறார். எந்த மலையில் எவ்வளவு விளைச்சல், எவ்வளவு உரம், எந்த மலைக்குக் கவ்வாத்து என்பது அவர் பொறுப்பு. சின்னத்துரை அதைத் தன் டிவிஷனில் நடத்துகிறார். கண்டக்டர் எந்த மலையை எந்த நாளில் எத்தனை பேரை வைத்துப் பறிப்பது என்று பிரிக்கிறார். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போடுகிறார். கங்காணி நிரை பிரித்துக் கொடுத்து, கூடையில் என்ன இலை விழுகிறது என்று பார்க்கிறார். ஒரு காலத்தில் கங்காணி என்றால் இந்தியாவில் ஆள் சேர்த்து, கடனும் கொடுத்து, கூட்டிக்கொண்டு வந்தவர். இன்று அவர் வேலைத் தலைவர் மட்டுமே. சில தோட்டங்களில் பெண்களும் கங்காணி ஆகியிருக்கிறார்கள். கொழுந்து பறிப்பதில் பெரும்பாலும் பெண்கள்தான் இருக்கும்போது, இது இன்னும் கூட வேண்டிய விஷயம்.

கொழுந்து பறிக்கிறவருடைய பங்கு என்ன? தன் நிரையை விடாமல் பறிப்பது, மட்டம் கெடாமல் பறிப்பது, நல்ல இலையை நசுக்காமல் மடுவத்துக்குக் கொண்டு வருவது.

கவனியுங்கள். உரம் போடும் முடிவு அவர் கையில் இல்லை. கவ்வாத்து முடிவு அவர் கையில் இல்லை. மலைச் சுற்று ஏழு நாளில் வருகிறதா, பதினாலு நாளில் வருகிறதா என்பதும் அவர் கையில் இல்லை. மழை, வெயில் யார் கையிலும் இல்லை. ஆனால் பின்னேரம் தராசில் 15 கிலோ என்று முள் நின்றால், அரைப் பேர் விழுவது அவருக்கு மட்டும்தான்.

சின்னக் கணக்கு ஒன்று

இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படித்த பிள்ளைகள் வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம்.

ஒரு மலையில் இந்தச் சுற்றில் பறிக்கத்தக்க கொழுந்து 1000 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். 55 பேர் இறங்குகிறார்கள். ஆளுக்கு 18 கிலோ கிடைக்கும். எல்லோருக்கும் முழுப் பேர். சந்தோஷம்.

அடுத்த மாதம் வெயில். அதே மலையில் 700 கிலோதான் நிற்கிறது. அதே 55 பேரையும் இறக்கினால் ஆளுக்கு 13 கிலோகூட வராது. எவ்வளவு வேகமான கையாக இருந்தாலும் செடியில் இல்லாத கொழுந்தைப் பறிக்க முடியுமா? ஒருத்தர் ஓடி ஓடி 18 எடுத்தால், பக்கத்து நிரையில் இருப்பவருக்கு 8 கிலோகூட மிச்சம் இருக்காது.

இந்த நிலைமையில் இரண்டு வழி உண்டு. 39 பேரைக் கொழுந்துக்கு விட்டு, மிச்சம் 16 பேருக்குப் புல்லு வெட்டோ, கான் சுத்தமோ, வேறு வேலையோ கொடுத்து முழுப் பேர் போடலாம். இல்லாவிட்டால் அந்த மாதத்துக்குக் கிலோவைக் குறைக்கலாம். இரண்டும் காலையில் பெரட்டுக்களத்தில் எடுக்க வேண்டிய முடிவு. பின்னேரம் மடுவத்தில் வைத்துத் திட்டுவதால் எடை கூடாது.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? உங்களுக்கே தெரியும். பேர் போய்விடுமே என்ற பயத்தில் கை தானாக முத்தின இலைக்கும் போகும். எடை வரும், தரம் போகும். அடுத்த சுற்றுக்கு வர வேண்டிய இளங்குருத்தும் சேர்ந்து போகும். ஸ்டோரில் தூள் கெடும், ஏலத்தில் விலை இறங்கும். பிறகு, "தோட்டத்துக்கு வருமானம் இல்லை" என்ற பேச்சு நம்மிடமே திரும்பி வரும். ஒரு பிழையான இலக்கு எல்லோரையும் நட்டப்படுத்தும் என்று நான் சொல்வது இதனால்தான்.

2021இல் கண்ட பாடம்

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த வருஷ முடிவுக்குள்ளேயே தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் செடிக்கு நேரத்துக்கு உரம் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்த உரத்தின் விலையும் தாங்க முடியாததாக இருந்தது. 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 300 மில்லியன் கிலோ. 2022இல் அது சுமார் 250 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது.

ஆறில் ஒரு பங்கு ஒரே வருஷத்தில் குறைந்தது. நம்ம பெண்களின் விரல்கள் அந்த ஒரு வருஷத்தில் மறந்து போய்விட்டனவா? இல்லை. அதே கை, அதே கூடை, அதே மலை. மாறியது உரம். விளைச்சல் என்பது பறிக்கிறவருடைய வேகம் மட்டுமல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

கவ்வாத்தும் அப்படித்தான். கவ்வாத்து வெட்டிய மலை சில மாதம் கொழுந்து தராது. பிறகு நன்றாகக் கொடுக்கும். அடுத்த கவ்வாத்து நெருங்க நெருங்க மறுபடி குறையும். பழைய விதைத் தேயிலை மலையும் புதிய வீபி மலையும் ஒரே மாதிரி கொடுக்காது. இத்தனைக்கும் வருஷம் முழுக்க, எல்லா மலைக்கும் ஒரே எண் என்றால் அது எப்படிச் சரியாகும்?

பெரியவர்கள் சொன்னது

முகாமைத்துவம் படிக்கும் எல்லோரும் படிக்கும் இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். பீட்டர் டிரக்கர் என்பவர் 1954இல் எழுதிய நூலில், குறிக்கோளை மேலே இருந்து எழுதிக் கீழே அனுப்பினால் போதாது, செய்கிறவரும் சேர்ந்து வைக்க வேண்டும் என்றார். தன் வேலை எப்படிப் போகிறது என்று அளந்து பார்க்கும் விவரம் செய்கிறவர் கைக்கே வர வேண்டும் என்றும் சொன்னார். அவர் அதிகாரிகளை மனதில் வைத்துத்தான் சொன்னார். ஆனால் மலையில் நிற்பவருக்கும் அது பொருந்தாமல் போகாது.

எட்வர்ட்ஸ் டெமிங் என்பவர் யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்தவர். வேலையில் வரும் குறைகளில் பெரும்பகுதி ஏற்பாட்டில் இருக்கிறது, வேலையாளிடம் இல்லை என்பது அவர் வாதம். எண்ணிக்கையை மட்டும் கட்டாயமாக்கினால் தரம் விழும் என்று எச்சரித்தார். நம்ம மடுவத்தில் தினமும் பார்ப்பதைத்தான் அவர் படிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அளவு நேராக இருக்க வேண்டும்

இலக்கு சரியாக இருந்தாலும் அளவு பிழை என்றால் பயனில்லை. ஈரத்துக்கு, சாக்குக்கு, கூடைக்கு என்று கழிவு வெட்டுகிறார்கள். மழை நாளில் இலையில் தண்ணீர் இருப்பது உண்மைதான். சாக்குக்கு எடை இருப்பதும் உண்மைதான். ஆனால் எவ்வளவு வெட்டுகிறார்கள், எந்தக் கணக்கில் வெட்டுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெறும் சாக்கை ஒரு தடவை எல்லோர் முன்னாலும் நிறுத்துக் காட்டினால் பாதிச் சண்டை அன்றோடு முடிந்துவிடும். தராசுக்கும் சட்டம் உண்டு. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி தராசு பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும். முத்திரை எங்கே என்று கேட்பது அவமரியாதை அல்ல.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, நாட்சம்பளம் சம்பளச் சபை மூலமாகத் தீர்மானிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் 1000 ரூபாய், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாய் என்று ஆனது. நாளுக்கு எத்தனை ரூபாய் என்பது நாடு முழுக்க ஒன்று. நாளுக்கு எத்தனை கிலோ என்பதோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. அதனால் ரூபாய் கூடிய சந்தோஷத்தில் கிலோவை மறந்துவிடக் கூடாது. கூலி கூடி, கிலோவும் கூடி, அரைப் பேரும் கூடினால் மாத முடிவில் சம்பளத்துண்டில் என்ன மிச்சம்?

நாம் செய்யக்கூடியது

கடைசியாக, வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். தினமும் திகதி, மலை இலக்கம், காலை எடை, பகல் எடை, பின்னேர எடை, வெட்டிய கழிவு, பேரா அரைப் பேரா என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் இருந்தால் ஸ்கூல் போகும் பிள்ளை எழுதட்டும். மாத முடிவில் சம்பளத்துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கொப்பி எழுதினால், எந்த மலையில் எந்த மாதம் எவ்வளவு வருகிறது என்பது ஒரு வருஷத்தில் உங்கள் கையில் இருக்கும். அதை வைத்துப் பேசும்போது பேச்சுக்கு எடை இருக்கும்.

தலைவர், தலைவிமார் மாதத்தில் ஒரு நாள் கண்டக்டரிடமும் சின்னத்துரையிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். இந்த மாதம் எந்த மலைக்கு எத்தனை கிலோ? அந்த எண் எப்படி வந்தது? சுற்று எத்தனை நாளில் வரும்? கொழுந்து குறைந்த நாளில் மிச்சப் பேருக்கு என்ன வேலை? இதைச் சத்தம் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேளுங்கள்.

அதே நேரம் நம்ம பக்கமும் நேராக இருக்க வேண்டும். சாக்கில் தண்ணீர் தெளிப்பது, அடியில் முத்தின இலையை வைத்து மேலே நல்ல கொழுந்தைப் பரப்புவது, சும்மா நிரையை விட்டுப் போவது, இதெல்லாம் நம்ம கேள்வியின் பலத்தை நாமே வெட்டுவது. நம்ம பங்கைச் சரியாகச் செய்துவிட்டுக் கேட்டால், மற்றவரும் தன் பங்குக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

18 கிலோ யாருடைய வேலை என்று ஆரம்பத்தில் கேட்டேன். உரம் கொடுக்கிறவர், கவ்வாத்தைத் திட்டம் போடுகிறவர், சுற்றைப் பிரிக்கிறவர், தராசைப் பிடிக்கிறவர், பறிக்கிறவர், எல்லோருடைய வேலையும் சேர்ந்ததுதான் அந்த 18. குறைந்த நாளில் அந்தக் குறையைப் பறிக்கிறவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது முகாமைத்துவமும் ஆகாது, நியாயமும் ஆகாது.