அலைக்கற்றையும் வரிசையும்



ஐதராபாத்தின் மாதாப்பூரில் மாலை வேளையில் நின்று பார்த்தால், அலுவலகம் விட்டு வரும் நம் தமிழ் இளைஞர் பலர், மதுரையிலும் நெல்லையிலும் உள்ள பெற்றோரிடம் கைபேசியில் பேசிக்கொண்டு செல்வதைக் காணலாம். 1998 நவம்பரில் இங்கே சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டபோது, இவ்வசதி செல்வந்தருக்கே எட்டுவதாயிருந்தது. அந்நாளில் அழைத்தவர் மட்டுமன்றி, அழைப்பைப் பெற்றவரும் கட்டணம் செலுத்தினார். 1994ஆம் ஆண்டுக் கொள்கையால் தனியார் கம்பெனிகள் நுழைந்து, போட்டி வளர வளரக் கட்டணம் குறைந்தது. சந்தையைத் திறந்ததன் நன்மையை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும், நுழைய விரும்புவோர் பலராயிருக்க, யாருக்கு இடமளிப்பது என்று தீர்மானிப்பவர் யார்? அலைக்கற்றை கண்ணுக்குப் புலப்படாதது. எனினும் நிலத்தைப் போல் அளவுக்கு உட்பட்டது. அது மக்களின் உடைமை. அரசாங்கம் அதன் காவலரே அன்றி உரிமையாளர் அன்று.

2007ஆம் ஆண்டு, ஆ. ராசா தொலைத்தொடர்பு மந்திரியாயிருந்த காலத்தில், விண்ணப்பங்களுக்கு அக்டோபர் 1 கடைசி நாள் என்று இலாகா அறிவித்தது. 575 விண்ணப்பங்கள் குவிந்தன. 2008 ஜனவரி 10ஆம் தேதியோ, செப்டம்பர் 25 வரை வந்தவையே ஏற்கப்படும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. முன்னுரிமையும் விண்ணப்பித்த தேதியை விட்டு, நிபந்தனைகளை முதலில் நிறைவேற்றியவருக்கு என்று மாறியது. நாடு முழுமைக்குமான உரிமத்துக்கு 2001ஆம் ஆண்டின் விலையாகிய 1,658 கோடி ரூபாயே வாங்கப்பட்டது. இவ்வாறு 122 உரிமங்கள் வழங்கப்பட்டன.

தீபாவளிக்கு ஊர் செல்ல, சிகந்தராபாத் நிலையத்தில் விடியுமுன் வரிசையில் நின்றவர் நம்மில் பலர். சன்னலருகே சென்றதும், "வந்த வரிசை செல்லாது, சரியான சில்லறையை முதலில் நீட்டியவருக்கே சீட்டு" என்றால் நம் மனம் என்ன பாடுபடும்? அச்செய்தி சிலருக்கு முன்னரே தெரிந்திருந்தால்?

2010இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அரசுக்கு இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இருக்கலாமென மதிப்பிட்டார். அது அனுமானத் தொகை. அதைப்பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. 2012 பிப்ரவரி 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு 122 உரிமங்களையும் ரத்துச் செய்தது. சில கம்பெனிகள் சேவையை நிறுத்தின. அவற்றின் சந்தாதாரர்கள் வேறு கம்பெனிகளை நாட நேர்ந்தது. 2017 டிசம்பர் 21ஆம் தேதி சிறப்பு நீதிமன்றம், குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி ராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தது. அதன்மீதான மேல்முறையீட்டை டில்லி உயர்நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றது.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மை அண்டை வீட்டார் இவ்வழக்கைப் பற்றிக் கேட்டிருக்கலாம். நம் மாநிலத்தவர் என்பதால் வாதாடவும் வேண்டாம். வெட்கித் தலைகுனியவும் வேண்டாம். தனிமனிதர்மீது குற்றம் நிரூபணமாகவில்லை என்பது ஒன்று. உரிமம் வழங்கிய முறை நேரியது என்பது வேறொன்று. முன்னதைச் சிறப்பு நீதிமன்றம் கூறியது. பின்னதைச் சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஏலம் ஒன்றே எல்லாப் பொதுச் செல்வங்களுக்கும் வழி அன்று என்றும் அதே கோர்ட்டு 2012இல் விளக்கியது. எம்முறையாயினும், விதி முன்கூட்டியே யாவரும் அறிய வெளியிடப்பட வேண்டும். வரிசை நின்றபின் மாற்றப்படலாகாது. இன்றிரவு அன்னையுடன் பேசும் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு.